இருவர் பொறுப்பிலும் ஒரு குழந்தை

விக்டோரியா மகாராணியின் ஆட்சியில், மைனர்களின் உடலுக்கும் உடைமைக்கும் ஒரு காவலரை நியமிப்பதற்கென்று இயற்றப்பட்ட 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டந்தான், இன்றைக்கும் கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ பிரிந்து வாழும் ஒரு தம்பதியின் குழந்தை எவர் வீட்டில் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் சட்டங்களுள் மூத்ததாக விளங்குகிறது. 1956-இல் வந்த இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், தந்தையையே முதல் இயற்கைப் பாதுகாவலராகவும் அவருக்கு அடுத்தபடியாகத் தாயையும் வைத்து, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று ஒரு சலுகையையும் சேர்த்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதே, அவர் குழந்தையின் பராமரிப்பில் அக்கறையற்றவராகவோ அருகில் இல்லாதவராகவோ இருந்தால் தாய் பாதுகாவலராகச் செயற்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் வியாக்கியானம் செய்து அந்த ஏற்றத்தாழ்வைச் சற்றே தணித்தது. ஆயினும் சட்டத்தின் வாசகம் இருந்தபடியே இருக்கிறது. குழந்தையின் க்ஷேமத்தைக் கருத வேண்டும் என்ற கோட்பாடு இச்சட்டங்களில் உண்டு. பிரிந்த பின்பும் பெற்றோர் இருவரும் அந்தக் குழந்தையின் வளர்ப்பைப் பகிர்ந்துகொள்வதற்கான முறை மட்டும் எழுத்தில் இல்லை.

இதன் பலன், குடும்ப நல நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் ஒரு முற்பகல் நின்றவருக்கு எளிதில் விளங்கும். குழந்தையின் வளர்ப்பு ஒரு வியாஜ்யத்தின் ஜயாபஜயமாகிவிடுகிறது: ஒருவருக்குக் குழந்தை கிடைக்கிறது, மற்றவருக்கு மாதத்தில் ஓரிரு சனிக்கிழமைகளில், சில மணி நேரம், பல சமயம் அந்த நீதிமன்ற வளாகத்திலேயே, குழந்தையைப் பார்த்துப்போகும் அனுமதி கிடைக்கிறது. பள்ளியின் மதிப்பெண் அட்டையில் யார் கையெழுத்திடுவது, காய்ச்சல் கண்டால் யாருக்குச் சொல்வது, தீபாவளி யார் வீட்டில் என்பன போன்ற, தாய் தந்தை என்னும் ஸ்தானத்தை உண்மையில் ஆக்குகின்ற காரியங்கள் அந்த உத்தரவில் இடம்பெறுவதே அபூர்வம். வாய்தாமேல் வாய்தாவாக வழக்கு நீளும் காலத்தில், முதலில் தற்காலிகமாக ஏற்பட்ட நிலையே வழக்கமாகி, பழகிவிட்ட குழந்தையை இடம் மாற்றுவது அதன் நன்மைக்கு விரோதம் என்ற நியாயத்தால், இறுதித் தீர்ப்பாகவும் உறுதிப்பட்டுவிடுவதுண்டு. இந்து விவாகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, குழந்தையின் பராமரிப்பும் படிப்பும் பற்றிய இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைக்கிறது. குழந்தை யாரிடம் இருப்பது, யார் எப்போது பார்ப்பது என்பவற்றை அந்தக் கெடுவில் குறிப்பிடவில்லை. பணத்துக்கு உள்ள அவசரம் பாசத்துக்கு இல்லை என்று சட்டம் கருதியது போலும்! சீர்திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவருக்கு, இந்த ஒரு வரியைத் திருத்துவதிலிருந்து தொடங்கலாம் என்றே சொல்வேன்.

யோசனைகளுக்குக் குறைவில்லை. தாய்க்குத் தந்தையோடு சமமான பாதுகாவலர் ஸ்தானம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1989-இலேயே தன் 133-ஆவது அறிக்கையில் கூறிற்று. நீதிபதி ஏ.பி. ஷாவின் தலைமையில் 2015-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 257-ஆவது அறிக்கை, கூட்டுப் பொறுப்பு, சந்திப்பு, சமரசம், தாத்தா பாட்டியரோடு குழந்தை கழிக்கும் காலம் ஆகியவற்றை விளக்கி, 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயத்தையே சேர்க்கும் வரைவையும் தந்தது, அது சட்டமாகவில்லை. சட்டம் இயற்றுவோர் தாமதித்த இடத்தில் நீதிமன்றங்களே சிறிது வழி திறந்துள்ளன. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு சிறுவன் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடமும், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடமும் வளர ஏற்பாடு செய்தது. பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்கு உரிமை என்றும், நேரில் காண இயலாதபோது காணொளி அழைப்பிலேனும் பேசும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று.

ஆனால் கூட்டுப் பொறுப்பு என்றால் ஆண்டின் நாட்களைச் சரிபாதியாக அறுத்துக் கொடுப்பது என்று எண்ணுவோர், ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை அறிந்துகொள்வது நல்லது. 2006-இல் அந்நாடு, பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு உண்டு என்பதை நீதிமன்றத்தின் முன்னனுமானமாகவே சட்டத்தில் பொறித்தது. அதைச் சமமான நேரம் என்று பலர் பிழையாக விளங்கிக்கொண்டனர் என்றும், வன்முறைக்கு அஞ்சி வெளியேறிய தாய்மாருக்கு அது பாதகமாயிற்று என்றும் எழுந்த விமர்சனங்களுக்குப் பின்னர், 2024 மே 6 முதல் அந்த முன்னனுமானம் நீக்கப்பட்டுவிட்டது. நம் சட்ட ஆணையமும் கூட்டுப் பொறுப்பை எல்லாக் குடும்பத்துக்கும் விதியாக்காமல், நிலைமை பார்த்து நீதிபதி வழங்கக்கூடிய ஒரு மார்க்கமாகவே பரிந்துரைத்தது விவேகமானது. குழந்தையோடு கழிக்கும் நேரம் அரிதாகிவிடுகிறது என்ற தந்தைமாரின் குறை மெய்யானது. ஆயினும் கணக்கில் வர வேண்டியது குழந்தையின் நாள்தானேயன்றி, எவருடைய பங்குமன்று.

ஆகவே வன்முறை இருந்த வீட்டில், சந்திப்பு என்ற பெயராலேயே அது தொடரக்கூடும் என்பதை மறைக்கலாகாது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, மாஜிஸ்திரேட் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தந்தையின் சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று கருதினால் அதை மறுக்கவும் வேண்டும். இதற்கு எதிர்ப்புறமாக, குழந்தையின் மனத்தில் மற்றவர்மேல் வெறுப்பை ஊட்டுவதும் ஒருவகைக் கொடுமையே. அதைப் போன்றே, பணம் வராததால் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்பதும், காட்டாததால் பணம் தர மாட்டேன் என்பதும் நீதிமன்றத்தில் நில்லா. இவை இரண்டும் தனித்தனி விவகாரங்கள்.

சட்டம் திருந்தும்வரை காத்திராமல் கேட்டுப் பெறக்கூடியவை பல. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்தில், மனுவோடு கூடவே ஓர் இடைக்கால மனுவையும் போட்டு, பொத்தாம்பொதுவாகச் சந்திப்பு வேண்டும் என்னாமல், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளிக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு, சிகிச்சையை யார் தீர்மானிப்பது என்று ஒரு வளர்ப்புத் திட்டமாகவே எழுதிக் கொடுப்பது உத்தமம். சமரச மையத்தில் இருவரும் அதற்கு இசைந்தால், நீதிமன்றம் அதையே உத்தரவாக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றியே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கிடைத்த உத்தரவு கல்லெழுத்தன்று. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், இத்தகைய உத்தரவுகளைக் குழந்தையின் தேவைக்கேற்ப மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே தெளிவாக்கியிருக்கிறது. அண்மையில், மதுரையில் தாயோடு இருந்த இரண்டு வயதுக் குழந்தையை, தந்தை பார்ப்பதற்காக வாரந்தோறும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றிருந்த ஏற்பாட்டை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மதுரைக்கே மாற்றிற்று. தந்தையின் சந்திப்பு நிற்கவில்லை, பிரயாணம் மட்டும் குழந்தையிடமிருந்து தந்தைக்கு மாறிற்று.

பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் உத்தியோகம் பார்ப்பவராயின் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். குழந்தைகளை எல்லை கடத்துவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லையாதலால், கொண்டுபோகப்பட்ட குழந்தையை மீட்க நாடுகளுக்கிடையே தயாரான ஏற்பாடு கிடையாது. இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்காக இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாமாயினும், அதன் முடிவு ஒவ்வொரு வழக்கின் தன்மையைப் பொறுத்தது. நீதிமன்ற அனுமதியின்றிக் குழந்தையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையை முதல் இடைக்கால உத்தரவிலேயே கேட்டு வாங்கிவிடுவது, பின்னால் கண்டம் விட்டுக் கண்டம் வழக்காடுவதைக் காட்டிலும் எளிது.