சாயத்தைத் துப்பிய செல்

செல்களுக்குச் சாயமேற்றி ஃப்ளோ சைட்டோமீட்டரில் விடுவது என் வேலை. லேசர் பட்டு ஒளிர்ந்தால் சாயம் பிடித்திருக்கிறது, ஒளிராவிட்டால் பிடிக்கவில்லை. இவ்வளவு எளிய கணக்கிலேயே எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகள் ஏய்த்திருக்கின்றன.

ரத்தத்தின் எல்லாச் செல்களும் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் பெரும்பாலும் இவை ஆக்ஸிஜன் குறைந்த மஜ்ஜைக்குள் பிரியாமல் சும்மா கிடக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்கான சாயத்தைப் போட்டால் மங்கலாகவே தெரியும். ஆகவே இவற்றில் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்று முடிவு கட்டினார்கள். காரணமும் பொருந்தி வந்தது: மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் எடுக்கும்போது டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளும் கசியும். ஆயுள் முழுக்க ரத்தம் தரவேண்டிய செல் அதை ஒதுக்குவது நியாயம்தானே?

2017-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் சாயத்தை நம்பாமல், எலிகளின் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வையே அளந்தார்கள். முதிர்ந்த ரத்தச் செல்களைவிட ஸ்டெம் செல்லில்தான் அதிகம்! வேண்டாத வேதிப்பொருளை வெளியேற்றும் பம்புகள் அதன் சவ்வில் இருக்கின்றன. அவை சாயத்தைத் துப்பிக்கொண்டிருந்தன. வெராபமில் (ஆமாம், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிறார்களே, அதேதான்) சேர்த்துப் பம்பை அடைத்ததும் குட்டு உடைந்தது. சாயத்தைத் துப்பும் இந்தக் குணத்தை வைத்தே ஸ்டெம் செல்லைப் பிடிக்கும் முறை 1996 முதல் புழக்கத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

ஆக, சரக்கு நிறைய இருக்கிறது. செல் அதை அடக்கி வைத்திருக்கிறது. ரத்த இழப்போ மஜ்ஜை மாற்று சிகிச்சையோ வந்து பெருகவேண்டிய நிலை வந்தால் எழுப்பிவிடும்.

பிரியும்போது பழைய மைட்டோகாண்ட்ரியா யார் பங்கு? இந்தப் பாகப்பிரிவினை திசுவுக்குத் திசு வேறு. மனித மார்பகத் திசுவின் ஸ்டெம் செல் போன்ற செல்களில், பழையதை அதிகம் வாங்கிய சேய் செல் சாதாரணத் திசுச் செல்லாக மாறப் போகிறது. புதியது கிடைத்தது ஸ்டெம் செல்லாகவே நிற்கிறது. இது 2015-ல் வெளிவந்த முடிவு. எலியின் ரத்த ஸ்டெம் செல்லோ தலைகீழ்: பழுதானவற்றைத் தானே வைத்துக்கொள்கிறது. திரும்ப ஓய்வுக்குப் போனாலும் அவை சீராவதில்லை. பிரிந்த வரலாறு அதில் பதிந்துவிடுகிறது, மீண்டும் ரத்தத்தை உருவாக்கும் திறனும் தேய்கிறது. 2020-ல் சின்சினாட்டி ஆய்வாளர்கள் காட்டியது இது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. மாற்று சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்களாவது (ஸ்டெம் செல்களை அடையாளம் காட்டும் சிடி34 புரதம் கொண்டவை) வேண்டும் என்று எண்ணித் தருகிறோம். அவற்றில் எது எத்தனை முறை பிரிந்து களைத்தது என்று அந்த எண்ணிக்கையில் தெரியாது.