கவர்னரைக் கைது செய்தவர், கவர்னரால் கைதானவர்

'தி லாஸ்ட் காசில்' என்று 2001ல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. ராணுவச் சிறையில் கைதியாக இருக்கும் ஒரு ஜெனரலுக்கும் அந்தச் சிறையை நடத்தும் கர்னலுக்கும் நடக்கிற மோதல்தான் கதை. அதிகாரம் ஒருத்தர்கிட்ட, மரியாதை இன்னொருத்தர்கிட்ட. அப்போ சிப்பாய் யார் பேச்சைக் கேட்பான்?

இந்தக் கேள்வி சென்னை ராஜதானியில் நிஜமாகவே வந்தது. அதற்கு விலை கொடுத்த ஊர் கடலூர். கதையின் நடுவில் இருப்பவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற படை அதிகாரி.

முதலில் 1776. தஞ்சாவூரை ஆற்காட்டு நவாபிடம் இருந்து வாங்கி ராஜா துளஜாவிடம் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி, கம்பெனி லார்ட் பிகட்டை கவர்னராக அனுப்பியிருந்தது. ஆனால் நவாபுக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்கள், முக்கியமாக பால் பென்ஃபீல்டு, தஞ்சாவூர் வருமானத்தில் தங்களுக்குப் பங்கு இருக்கிறது என்றார்கள். கவுன்சிலில் பெரும்பான்மை பிகட்டுக்கு எதிராகத் திரும்பியது. பிகட் எதிராளிகள் சிலரை சஸ்பெண்ட் செய்தார். பதிலுக்கு அவர்கள் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள்.

தலைமைத் தளபதி ஃப்ளெட்சர் உடம்பு சரியில்லாமல் கிடந்ததால் பொறுப்பு கர்னல் ஸ்டூவர்ட்டிடம் இருந்தது. ஆகஸ்ட் 24 அன்று அவர் செய்ததைப் படித்தால் கொஞ்சம் கூசும். பிகட் வீட்டில் சாப்பிட்டார், அவரோடு ஒரே வண்டியில் ஏறினார், போகிற வழியில் ஏற்கனவே நிறுத்தி வைத்திருந்த அதிகாரிகளை வைத்து அவரைக் கைது செய்தார். பிகட்டை பரங்கிமலைக்குக் கொண்டுபோய் ராணுவக் காவலில் வைத்தார்கள். 1777 மே 11 அன்று, இன்னும் விடுதலை ஆகாமலே, அவர் இறந்துபோனார். அவரைத் திரும்பப் பதவியில் உட்கார வைக்கும் உத்தரவு லண்டனில் இருந்து வந்து சேர்ந்தபோது ஆள் இல்லை.

தண்டனை? கவுன்சில்காரர்களில் நாலு பேருக்கு இங்கிலாந்தில் ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். அவ்வளவுதான். ஸ்டூவர்ட்டை ராணுவ நீதிமன்றம் விடுவித்தது. 1781ல் பழைய பொறுப்புக்கே திரும்பிவிட்டார்.

அப்போது ஹைதர் அலியோடு போர். 1781 ஜூனில் சிதம்பரம் கோயில் ஒரு கோட்டையாகவே இருந்தது. உள்ளே ஹைதரின் ஆட்கள். அதைப் பிடிக்கப் போன அயர் கூட் அடிவாங்கித் திரும்பினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் அவர் ஜெயித்தபோது இரண்டாம் அணியை நடத்தியவர் ஸ்டூவர்ட். அடுத்த மாதம் பொள்ளிலூரில் பீரங்கிக் குண்டில் ஒரு காலை இழந்தார். கோழை என்று அவரை யாராலும் சொல்ல முடியாது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. போர் நடத்தும் முழு அதிகாரத்தையும் வங்காள அரசு கூட்டுக்குக் கொடுத்திருந்தது. சென்னை கவர்னர் மக்கார்ட்னி பணமும் அரிசியும் மாடும் தேடித் தரவேண்டும், ஆனால் உத்தரவு போட முடியாது. ஒரே சர்வருக்கு இரண்டு பேரிடம் அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கூட் போன பிறகு அந்த அதிகாரம் தனக்கும் உண்டு என்றார் ஸ்டூவர்ட். அது கூட்டுக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்தது, உங்களுக்கு இல்லை என்றார் மக்கார்ட்னி.

1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் இறந்தார். திப்பு அப்போது மலபார் பக்கம் இருந்தார். உடனே அடியுங்கள் என்று மக்கார்ட்னி நெருக்கினார். படை தயாரில்லை என்று ஸ்டூவர்ட் நகரவில்லை. நியாயம் முழுக்க ஒரு பக்கம் இல்லை. நாடே பஞ்சத்தில் கிடந்தது, இழுக்க மாடுகூட இல்லை. ஆனாலும் அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

கடலூர் 1782 ஏப்ரலிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயிருந்தது. அதை மீட்க ஸ்டூவர்ட் மெதுவாக நகர்ந்து, 1783 ஜூனில்தான் வந்து சேர்ந்தார். ஊரைச் சுற்றிப்போய் தெற்கே, கடலுக்கும் வண்டிப்பாளையம் மேட்டுக்கும் நடுவே முகாம் போட்டார். எதிரில் பூசியின் படை. ஜூன் 13 அன்று நடந்த தாக்குதலில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக சுமார் 1,000 பேர். அதில் நம்மூர் சிப்பாய்கள் நிறைய. ஜூன் 20 அன்று சஃப்ரன் கடலில் ஹியூஸை விரட்டியதும், முற்றுகை போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஆனார்கள். அவர்களைக் காப்பாற்றியது சமாதானச் செய்தி. இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரி 20 அன்றே முதல்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. கடலூர் மணலில் செத்தவர்களுக்கு அது தெரியாது.

மக்கார்ட்னி ஸ்டூவர்ட்டை சென்னைக்குத் திரும்ப அழைத்து பதவியைப் பறித்தார். நான் ராஜாவின் தளபதி, கம்பெனி கவர்னர் என்னை நீக்க முடியாது என்ற தோரணையில் ஸ்டூவர்ட் நின்றார். அவர் ஏற்கனவே ஒரு கவர்னரைத் தூக்கி உள்ளே வைத்தவர் என்பதை மக்கார்ட்னி மறந்திருக்க மாட்டார். 1783 செப்டம்பரில் தன் செயலாளர் ஸ்டான்டனை சிப்பாய்களோடு அனுப்பி அவரைக் கைது செய்து, கப்பலில் இங்கிலாந்துக்கு ஏற்றிவிட்டார். வெள்ளைக்கார ஜெனரலைப் பிடிக்க, கவர்னர் நம்பியது கம்பெனியின் இந்திய சிப்பாய்களை. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். பரங்கிமலையில் ஒரு கட்சி, இங்கே எதிர்க்கட்சி, ஆனால் யார் சொன்னது செல்லும் என்பதை இரண்டு தடவையும் தீர்த்தது சட்டம் இல்லை. யாருடைய சிப்பாய்கள் முதலில் வந்து நின்றார்கள் என்பதுதான்.

அடுத்து நானே சீனியர் என்று வந்த சர் ஜான் பர்கோயினுக்கும் கைதும் ராணுவ விசாரணையும்தான் கிடைத்தது.

லண்டனுக்கு உறைத்திருக்க வேண்டும். 1786ல் காரன்வாலிஸ் கவர்னர் ஜெனரலாகவும் தலைமைத் தளபதியாகவும் சேர்ந்தே வந்தார். அதே வருஷம் சென்னையிலும் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெலுக்கு இரண்டு பதவியும் ஒன்றாகக் கிடைத்தது.

ஸ்டூவர்ட் மட்டும் விடவில்லை. 1786 ஜூன் 8 அன்று லண்டனில் மக்கார்ட்னியை துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட்டார். மக்கார்ட்னிக்குக் காயம். ஸ்டூவர்ட்டுக்கு அது போதவில்லை, இன்னொரு தடவை சுடவேண்டும் என்றார். துணைக்கு வந்தவர்கள்தான் தடுத்து நிறுத்தினார்கள்.