முப்புரிக் கயிறும் ஒரு வரைபடமும்



எங்கள் திருக்கோவில் கரையிலே தோணியைப் பிணைத்திருக்கும் கயிற்றைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். மூன்று புரிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறியிருக்கும். நமது தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் புரதமும் அத்தகைய முப்புரியே. இதனை 1954ஆம் ஆண்டில் அறிவித்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் ஆவர்.

கண்ணுக்குப் புலனாகாததை எவ்வாறு கண்டனர்? கங்காருவின் வால் தசைநாணினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அணுக்களின் ஒழுங்குக்கேற்பக் கதிர் சிதறி ஒளிப்படத் தகட்டிலே பதியும். அப்பதிவைக் கொண்டு கணக்கிட்டு உருவத்தை ஊகிக்க வேண்டும். கொலாஜன் சங்கிலியில் மூன்றாவது இடந்தோறும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. புரிகள் நெருங்கும் உள்ளிடத்திலே வேறெதற்கும் இடமில்லை.

இந்த நெருக்கத்தைப் பற்றியே வழக்கு எழுந்தது. சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினர். அப்படியாயின் அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? இராமச்சந்திரன் அதையே ஆராயத் தொடங்கினார். அதுவரை வெளியான மூலக்கூறு அமைப்புகளைத் திரட்டி அளவு கண்டார். சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் மேசைக் கணக்குப் பொறியால் கணக்கிட்டு, 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்களிலே திரும்பலாம். அக்கோணங்களுள் பெரும்பாலானவை அணுக்கள் மோதுவதால் ஆகாதவை, சிலவே ஆகுபவை. படம் சொல்வது இவ்வளவே.

இன்று கணினியே புரதத்தின் உருவத்தை முன்கூட்டிச் சொல்கிறது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவரும் 2024இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். “சேர், இனி ஆய்வுகூடம் எதற்கு?” என்று என் மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அக்கணினி பயின்ற பாடமே ஆய்வுகூடங்களில் கண்டறிந்து, 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலே சேர்த்து வைத்த அமைப்புகளன்றோ!

எக்ஸ் கதிராற் கண்டதாயினும் கணினி ஊகித்ததாயினும், புதிய அமைப்பொன்றை இன்றும் இராமச்சந்திரன் படத்தின்மீது வைத்துச் சோதிக்கின்றனர். விலக்கிய பகுதியிலே ஒரு புள்ளி விழுந்தால், அது கிளைசீனா என்று முதலிற் பார்ப்பர். மோதுவதற்குப் பக்கக் கிளை இல்லாமையால் அதற்கு மாத்திரம் சலுகை அதிகம். கிளைசீன் அல்லவாயின், ஆய்வாளர் தம் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.