கூந்தல் முடிப்பு

கூந்தல் முடிப்பு என்பது கடலூர், சிதம்பரம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் நிகழும் ஒரு சடங்கு ஆகும். இப்பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது.

அவையில் துச்சாதனன் கூந்தலைப் பற்றி இழுத்ததால், பழி தீரும்வரை அதை முடிப்பதில்லை எனத் திரௌபதி சூளுரைத்தாள் என்பது கதை. படுகளத்தன்று துரியோதனன் உருவம் களிமண்ணால் தரையில் கிடத்தப்படும். தெருக்கூத்தில் பீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளந்தபின், திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்பட்டுப் பூச்சூட்டப்படும். தீமிதியும் விழாவின் முக்கிய நிகழ்வாகும்.

இலக்கியத்தில் மகளிர் கூந்தலுக்கு மேகமும் கருமணலும் உவமையாகும். அவை அழகைச் சொல்பவை. இங்கோ கூந்தல் குணத்தைச் சொல்கிறது: விரிந்திருப்பது மறவாத அவமதிப்பு, முடித்திருப்பது நிறைவேறிய உறுதி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்கு விரித்த கூந்தலோடு வருவதும் இத்தகையதே. எனவே கூந்தல் வருணனையைப் படிக்கும் மாணவர்கள், அதன் கருமையோடு நிலையையும் கவனித்தல் வேண்டும்.