குடக்கூலியும் சட்டமும்

உண்ண உணவும் உடுக்க உடையும் போல, உறைய ஓர் இடமும் மனிதனுக்கு இன்றியமையாதது. சொந்த வீடு இல்லாதார் குடக்கூலிக்கு வாழ்கின்றனர். வீட்டை விடுபவருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே நிற்கும் சட்டம் நம் மாநிலத்தில் எவ்வாறு மாறி வந்தது, அதனால் யாருக்கு என்ன விளைந்தது என்பதை மாணவர்களாகிய உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் மக்கள் பெருகினர், வீடுகள் பெருகவில்லை, வாடகை ஏறியது. அதனைத் தடுக்க 1941-இல் சென்னை மாகாணத்தில் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் ஓய்ந்தும் நெருக்கடி ஓயவில்லை. ஆதலின் 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் வந்தன. நான் வாழும் திருக்கோகர்ணம் அந்நாளில் தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. பின்னர் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகராட்சிகள் அனைத்தையும் தழுவியபோது, எங்கள் ஊரும் அதன் நிழலில் அடங்கிற்று.

அச்சட்டம் குடியிருப்பவர் பக்கம் சாய்ந்தது. நியாய வாடகையை அதிகாரி வரையறுக்கலாம். வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்கள் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி எவரையும் வெளியேற்ற இயலாது. எளிய குடும்பங்களுக்கு இஃது ஓர் அரணாயிற்று. ஆயினும் மறுபக்கமும் உண்டு. மாதம் 40 ரூபாய் வாடகை வரும் ஓர் ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்ற 600 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். பதினைந்து மாத வாடகை அதிலேயே போய்விடும். உரிமையாளர் பழுது பார்க்கத் தயங்குவார். வீடு காலியானால் பூட்டி வைப்பார். காக்கப்பட்டவர் ஒழுகும் கூரையின் கீழ் இருப்பார். புதிதாக வீடு தேடுபவர் தெருவில் அலைவார்.

சட்டத்தில் எழுதிய தொகையும் காலத்தால் பொருள் மாறுகிறது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றிருந்தது. ஒரு காலத்தில் அது வசதியுள்ளோரின் அடையாளம். வாடகைகள் ஏறியபின் நடுத்தரக் குடும்பங்களும் அவ்வரம்பைக் கடந்தன. 1986-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியது.

2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழைய சட்டத்தை நீக்கியது. இப்போது வாடகையை இருவரும் பேசி முடிவு செய்கின்றனர். ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்து, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. சச்சரவு எழுந்தாலும் உரிமையாளர் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்தல் கூடாது. குடியிருப்பவர் இரண்டு மாத வாடகையை நிலுவை வைத்து, அறிவிப்புக்குப் பின்னும் செலுத்தாவிடில், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை நாடலாம்.

இதனால் தம் வீட்டின் மாடியை விடும் சிறு உரிமையாளருக்குத் துணிவு பிறக்கிறது. பூட்டிய கதவுகள் திறக்க வழியுண்டு. ஆனால் குடியிருப்பவர் ஒன்றை இழந்தார்: நியாய வாடகை கேட்கும் உரிமை போயிற்று, ஒப்பந்தக் காலம் முடிந்தால் அரணும் தளர்கிறது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமையே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகவும் அமைந்துள்ளது. பல ஆண்டு வாய்ச்சொல்லை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆக, முன்னாளில் அதிகாரியின் கையில் இருந்த தராசு இன்று பெரிதும் ஒப்பந்தத்தின் கையில் இருக்கிறது. நாளை நீங்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ படிக்கவும் பணிபுரியவும் சென்று வாடகை வீடு தேடுவீர்கள். சிலர் வீடு கட்டி வாடகைக்கும் விடுவீர்கள். எந்நிலையில் இருப்பினும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். செலுத்தும் பணத்துக்கு ரசீது பெறுங்கள். பெறும் பணத்துக்கு ரசீது கொடுங்கள். தம் உரிமையையும் கடமையையும் ஒருங்கே அறிந்தவருக்கே சட்டம் துணை நிற்கும்.