வாலால் பேசிய பூனை

மொழி தெரியாத ஊரில் முதன்முறையாகக் கடைத்தெருவுக்குப் போனவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். வாய்க்கு வழியில்லாதபோது உடம்பு பேசத் தொடங்கிவிடுகிறது. விலையை விரல் சொல்லும், வேண்டாம் என்பதைத் தலை சொல்லும், "இவ்வளவா!" என்பதைப் புருவம் சொல்லிவிடும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் டில்லியிலும் குடியேறிய நம்மவர் பலர் முதற் சில மாதங்களை இவ்வாறே கழித்திருப்பர். வாழ்நாள் முழுவதையும் அந்த நிலையிலேயே கழித்து, அதனாலேயே உலகப் புகழ் பெற்ற ஒரு பூனையைப் பற்றி இங்கே கூற முற்படுகிறோம். அது உயிருள்ள பூனை அன்று. மையாலும் காகிதத்தாலும் ஆன பூனை. பீலிக்ஸ் என்பது அதன் பெயர்.

சலனப்படம் பேசத் தொடங்குவதற்கு முன்பு, அமெரிக்கப் படக்கொட்டகைகளில் முக்கியப் படத்துக்கு முன்னோடியாகச் சிறு துணுக்குகளைக் காட்டுவது வழக்கம். செய்திப் படம் ஒன்று, ஊர்க்காட்சி ஒன்று, இடையே சில நிமிடம் ஓடும் சித்திரப் படம் ஒன்று என்று அவை அமையும். பாரமவுண்ட் கம்பெனி இவற்றையெல்லாம் சேர்த்துப் பத்திரிகை போல வாரந்தோறும் வெளியிட்டு வந்தது. 1919ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி வெளியான அத்தகைய தொகுப்பில், 'பீலைன் பாலீஸ்' என்ற சித்திரப் படம் இடம் பெற்றது. அதில் வந்த கரும்பூனைக்கு அப்போது 'மாஸ்டர் டாம்' என்று பெயர்.

கதை மிக எளியது. டாம் இரவில் தன் காதலியைத் தேடிச் சென்று இசை மீட்டுகிறது. வாத்தியத்திலிருந்து கிளம்பும் சுரக்குறிகள் காற்றில் கறுப்பாக மிதக்கின்றன. டாம் அவற்றைப் பிடித்து, சக்கரமுள்ள சிறு வண்டிகளாக ஆக்கிக்கொள்ள, இரண்டு பூனைகளும் அவற்றில் ஏறி உலாவுகின்றன. இதற்குள் காவலற்ற வீட்டை எலிகள் சூறையாடிவிடுகின்றன. டாம் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறது. காதலியிடம் ஓடினால், அங்கே குட்டிகளின் பெரும்பட்டாளமே காத்திருக்கிறது! குடும்ப பாரத்தைக் கண்டு அஞ்சிய டாம் எரிவாயுக் குழாயை நாடிச் சென்று உயிரை மாய்த்துக்கொள்வதாகப் படம் முடிகிறது. இன்று இப்படியொரு முடிவைக் குழந்தைகளுக்குக் காட்ட எவரும் துணியார். அந்நாளில் இது பெரியவர்களுக்கான வேடிக்கையாகவே கருதப்பட்டது.

செத்த பூனை அடுத்த வாரமே உயிர்பெற்று வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த மூன்றாவது படத்தில் அதற்குப் 'பீலிக்ஸ்' என்ற பெயரும் கிடைத்தது. அப்பெயரைச் சூட்டியவர் பாரமவுண்டைச் சேர்ந்த ஜான் கிங் என்பர். லத்தீன் மொழியில் 'பீலிஸ்' என்றால் பூனை. 'பீலிக்ஸ்' என்றால் நற்பேறு உடையவன். கரும்பூனை எதிர்ப்பட்டால் தீநிமித்தம் என்ற எண்ணம் மேல்நாட்டாருக்கும் உண்டு. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் நமக்கு இதில் வியப்பில்லை. அத்தகைய பிராணிக்கு அதிருஷ்டசாலி என்று பெயர் வைத்ததே முதல் நகைச்சுவை.

பீலிக்ஸ் ஏன் கறுப்பு? இதில் அழகுணர்ச்சியைக் காட்டிலும் தொழில் நுட்பமே மிகுதி. அக்காலத்து ஊமைப்படம் வினாடிக்குச் சுமார் பதினாறு சட்டங்கள் வீதம் ஓடியது. ஏழு நிமிடப் படம் என்றால் ஆறாயிரத்து எழுநூறு சட்டங்களுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு முறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் மூவாயிரத்துக்குக் குறையாத சித்திரங்கள் வேண்டும். அத்தனையிலும் மயிர், சுருக்கம், நிழல் என்று கோடு கோடாக இழைத்துக்கொண்டிருந்தால் கை ஓய்ந்துவிடும். உடலை முழுக் கறுப்பாக நிரப்பிவிட்டால் உட்கோடுகள் தேவையில்லை. அதோடு, கோட்டுருவம் அசைவதைவிடத் திண்மையான கரிய உருவம் அசைவது திரையில் தெளிவாகத் தெரியும். மங்கலான விளக்கொளியில் கடைசி வரிசைக்காரருக்கும் அது புலப்படும். முகத்தில் மட்டும் இரண்டு பெரிய வெண்கண்கள், ஒரு வாய், அவ்வளவே. 1924ஆம் ஆண்டளவில் பில் நோலன் என்ற ஓவியர், முன்பு கோணல்மாணலாக இருந்த உருவத்தை வட்டங்களாக உருட்டித் திரட்டினார். வட்டம் வரைவது எளிது. பார்ப்பதற்கும் செல்லமாக இருக்கும்.

இனி, அந்த வாலைப் பற்றி. பீலிக்ஸிடம் பணமில்லை, ஆயுதமில்லை, வீடும் பல சமயங்களில் இல்லை. இருப்பது ஒரு வால். ஐயம் தோன்றினால் அவ்வால் கேள்விக்குறியாக வளையும். தேவைப்பட்டால் உடம்பினின்று கழன்று கைத்தடியாகும், கொக்கியாகும், மட்டையாகும். வேலை முடிந்ததும் பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு மேல் வியப்புக்குறி தோன்றினால் அதையும் பீலிக்ஸ் வீணாக்குவதில்லை. எட்டிப் பிடித்துக் கருவியாக்கிக்கொள்ளும். சித்திர உலகில் எழுத்தும் கோடுதான், பூனையும் கோடுதான், மலையும் கோடுதான். ஆகவே ஒன்று மற்றொன்றாக மாறத் தடை ஏது? இந்தத் தருக்கத்தைப் பீலிக்ஸ் படங்கள் பற்றிக்கொண்ட அளவுக்கு அக்காலத்து வேறு படங்கள் பற்றிக்கொள்ளவில்லை என்பது நம் கருத்து. பேச்சு அறவே இல்லையென்று சொல்லிவிட முடியாது. சிற்சில சமயம் வாயருகே குமிழி வரைந்து அதற்குள் ஓரிரு சொற்கள் எழுதுவதுண்டு. அந்தக் குமிழியைப் படிக்கத் தெரியாதவரும் கதையைத் தவற விடமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பீலிக்ஸ் சிந்திக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முன்னும் பின்னுமாக நடக்கும். திடீரென்று நின்று நம்மைப் பார்க்கும். வழி பிறந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும். இந்த நடைக்குப் பின்னால் ஒரு குருகுலவாசம் இருந்தது. நியூயார்க்கில் இப்படங்களைத் தயாரித்த சித்திரசாலை, பீலிக்ஸுக்கு முன்னர் சார்லி சாப்ளினைச் சித்திரமாக்கிய படங்களை வெளியிட்டிருந்தது. அதற்காக ஆட்டோ மெஸ்மர் என்ற இளைஞர் சாப்ளினுடைய தோள் குலுக்கலையும் கால் திருப்பத்தையும் சட்டம் சட்டமாக ஆராய்ந்திருந்தார். ஒரு சொல்லும் பேசாமல் ஒருவன் தன் மனத்தில் ஓடுவதை எப்படித் தெரிவிக்கிறான் என்ற அந்தப் பாடம் பின்னர் பூனைக்குப் பயன்பட்டது.

கடன் வாங்கியதை ஒளிக்கவும் இல்லை. 1923ஆம் ஆண்டின் 'பீலிக்ஸ் இன் ஹாலிவுட்' என்ற படத்தில், ஹாலிவுட்டுக்குச் செல்லும் தன் எஜமானருடன் போக விரும்பும் பீலிக்ஸ் கறுப்புப் பையாகத் தன்னை மாற்றிக்கொண்டு அவர் கையிலேயே தொங்கிப் பயணம் செய்கிறது. அங்கே வாலைக் கைத்தடியாக்கிச் சாப்ளினைப் போல் நடந்து காட்ட, சித்திரச் சாப்ளினே வந்து, என் சரக்கைத் திருடுகிறாயா என்று சினந்து கொள்கிறார்! திருட்டை ஒப்புக்கொள்ள இதைவிட நாகரிகமான வழி உண்டா என்பது ஐயமே.

1922 முதல் மார்கரெட் விங்க்ளர் என்ற பெண்மணி இப்படங்களை விநியோகித்தார். ஆடவர் மட்டுமே நடத்திவந்த அத்தொழிலில் அவர் துணிந்து இறங்கியவர். பீலிக்ஸின் பெயர் கடல் கடந்தது. 1923இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் சித்திரத் தொடராகவும் வரலாயிற்று. பொம்மைகள் வந்தன, பாட்டு வந்தது. போட்டியாளரும் வந்தனர். இளைஞராக இருந்த வால்ட் டிஸ்னியின் 'ஆலிஸ்' படங்களில் ஜூலியஸ் என்றொரு பூனை வரும். அதைப் பார்த்தவர்கள் எதன் சாயல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனை படங்களுக்கும் தொடக்கத்தில் ஒரே பெயர்தான் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்: பாட் சல்லிவன். அவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் பிறந்து, லண்டன் வழியாக நியூயார்க் வந்து, சித்திரசாலை நிறுவியவர். பூனையைப் படைத்தவர் அவரே என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1933இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, படங்களைக் கற்பனை செய்தும் இயக்கியும் வரைந்தும் வந்தவர் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த மெஸ்மர் என்ற செய்தி மெல்ல வெளிவந்தது. பாரமவுண்ட் ஒரு துணுக்குப் படம் கேட்டபோது சல்லிவனுக்கு நேரமில்லை, எனவே வேலை நேரத்துக்குப் பின் தம் வீட்டிலிருந்தே முதற்படத்தை வரைந்து கொடுத்தேன் என்பது மெஸ்மர் கூறிய வரலாறு. 1977இல் ஜான் கேனமேக்கர் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார்.

வழக்கு அத்தோடு தீரவில்லை. ஆஸ்திரேலியர் தம் நாட்டவருக்காக வாதாடுகின்றனர். 1917இலேயே சல்லிவனின் சாலை 'தாமஸ் கேட்' என்ற பூனையை வைத்து ஒரு படம் எடுத்ததைச் சுட்டுகின்றனர். முதற்படத்தில் குமிழிகளுக்குள் உள்ள கையெழுத்து சல்லிவனுடையது என்கின்றனர். அவர்கள் காட்டும் இன்னொரு சான்று மிகச் சுவையானது. அப்படத்தில் குட்டிகளில் ஒன்று தாயை 'மம்' என்று அழைக்கிறது. அமெரிக்கக் குழந்தை 'மாம்' என்று அழைக்குமே அன்றி 'மம்' என்னாது; 'மம்' என்பது ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வழங்கும் சொல். எத்தனை ஆண்டு பிற நாட்டில் வாழ்ந்தாலும், தாயை அழைக்கும் சொல் பிறந்த ஊரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அயல் மாநிலத்தில் வளரும் குழந்தை "அம்மா" என்கிறதா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் போல வேறொன்று சொல்கிறதா என்று செவி தீட்டியிருக்கும் பெற்றோருக்கு இந்தச் சான்றின் வலிமை புரியும்.

நம் தீர்ப்பு என்ன? முதற்படத்தில் சல்லிவன் கை இருந்திருக்கலாம். அதை ஒரேயடியாக மறுப்பது நேர்மையன்று. ஆனால் பின்வந்த பத்தாண்டுப் படங்களில் நாம் விரும்பும் அந்தச் சிந்தனை நடை, வாலின் மாயம், முகத்தின் நுண்மை ஆகியவை மெஸ்மருடையவை என்பதற்கு அவருடன் பணிபுரிந்தோர் சாட்சி உண்டு. முதலாளி பெயர் பலகையிலும் தொழிலாளி பெயர் காற்றிலும் என்பது அக்காலச் சித்திரசாலைகள் பலவற்றின் வழக்கமே. 1928இல் வந்த 'காமிக்காலமிட்டீஸ்' என்ற படத்தில் ஓவியரின் கையே திரைக்குள் நுழைகிறது. பூனைக்குக் கறுப்பு நிரப்ப மறந்துவிட்டதால், பீலிக்ஸ் காலணி மெருகிடுபவனிடம் சென்று கறுப்பேற்றிக்கொள்கிறது. கை தெரிகிறது, அதற்குரியவரின் பெயர் தெரியவில்லை.

அதே 1928ஆம் ஆண்டு பீலிக்ஸுக்கு இரண்டு சம்பவங்கள் நேர்ந்தன. வானொலி வழியாகப் பேசும் நமக்கு முதலாவது தனி உவகை தருவது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. வானொலிக் கம்பெனி நியூயார்க்கில் தொலைக்காட்சிச் சோதனையைத் தொடங்கியது. கூசும் விளக்குகளின் வெம்மையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்க மனிதரால் இயலாது. எனவே காகிதக் கூழால் செய்த பீலிக்ஸ் பொம்மை ஒன்றைச் சுழலும் தட்டின் மீது நிறுத்தி, அதன் உருவத்தை அறுபது கோடுகளாகப் பிரித்து ஒலிபரப்பினர். கறுப்பும் வெளுப்பும் அழுத்தமாக இருந்ததால் கருவிக்கு அது தோதாயிற்று. கறுப்பு மையின் சிக்கனம் இங்கும் கைகொடுத்தது.

இரண்டாவது சம்பவம் பூனையின் வாழ்வை முடித்தது. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் தேதி நியூயார்க் கொட்டகை ஒன்றில் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டது. அதில் மிக்கி என்ற எலி தாளத்துக்குத் தக்கபடி ஆடிற்று, சீழ்க்கை அடித்தது. மக்கள் அந்த ஓசைக்கு மயங்கினர். சல்லிவன் ஒலியில் நாட்டம் காட்டாமல் காலம் தாழ்த்தினார். பின்னர் விழித்துக்கொண்டு, முன்பு எடுத்த ஊமைப்படங்களின் மேல் இசையையும் ஓசைகளையும் ஒட்டவைத்து வெளியிட்டனர். அவை பொருந்தவில்லை. பேசாத உடம்பின் நிதானத்துக்கென்று வரைந்த அசைவுகள் அவை. ஓசை வந்து ஒட்டியபோது இரண்டும் இரு வேறு பாதையில் போயின. 1930ஆம் ஆண்டளவில் படங்கள் நின்றுவிட்டன. மஞ்சள் நிற மாயப் பையுடன் தொலைக்காட்சியில் சிலர் கண்டிருக்கக்கூடிய பீலிக்ஸ், 1958இல் ஜோ ஓரியோலோ புதிதாகச் சமைத்தது. பெயர் ஒன்றே ஆயினும் குணம் வேறு. அந்தப் பூனை தாராளமாகப் பேசும்.

மெஸ்மர் ஓய்ந்திருக்கவில்லை. பத்திரிகைத் தொடரை 1954 வரை வரைந்தார். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் உருவங்களை நடமாடச் செய்யும் விளம்பரப் பலகைகளுக்கும் சித்திரம் அமைத்துத் தந்தார். சாலையில் நின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்துக்கு அவரைத் தெரியாது. 1983ஆம் ஆண்டு அக்டோபரில், தம் தொண்ணூற்றொன்றாம் வயதில், தாம் பிறந்த நியூஜெர்சி மாநிலத்திலேயே அவர் காலமானார்.