காஞ்சியின் கடிகையும் விடுதியின் பாயும்

காஞ்சிபுரத்தில் நடைபெறும் கல்வி விழாக்களில் ஒரு செய்தி தவறாமல் ஒலிக்கும்: ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நகரில் கடிகை இருந்தது. உண்மைதான், அதை மறுப்பது நம் நோக்கமன்று. அக்கடிகைக்குள் அமர்ந்தவர்கள் யார், அவர்களுக்குச் சோறிட்டது யாருடைய உழைப்பு என்னும் இரு கேள்விகளையும் அப்பெருமையோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்கிறோம்.

கடிகையைப் பற்றிய சான்றுகள் தெளிவானவை. மயூரசர்மன் என்னும் இளைஞன் தன் ஆசிரியருடன் வேதக் கல்வியை நிறைவுசெய்யக் காஞ்சிக் கடிகைக்கு வந்ததையும், பல்லவக் குதிரைவீரனோடு நேர்ந்த பூசலில் மனம் புண்பட்டு வாளேந்திக் கதம்ப அரசை நிறுவியதையும் கர்நாடகத்தின் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மன் கடிகையையும் மீட்டமைத்தான் என்பது வேலூர்ப்பாளையம் செப்பேட்டின் செய்தி. அச்செப்பேடு அதனை இருபிறப்பாளர்களின் கடிகை என்றே குறிக்கிறது. காஞ்சியை வென்ற சாளுக்கிய விக்கிரமாதித்தன் அதே கைலாசநாதர் கோயிலில் பொறித்த கன்னடக் கல்வெட்டோ, அவ்வெழுத்துகளை அழிப்பவர் இந்நகரக் கடிகையாரைக் கொன்றவர் செல்லும் உலகுக்குச் செல்வர் என்று எச்சரிக்கிறது. பகையரசனும் அஞ்சி மதித்த அமைப்பு அது. ஆயினும் அதன் வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதில் செப்பேடு எந்த ஐயத்தையும் விட்டுவைக்கவில்லை.

கடிகையில் மாணவர் வாழ்க்கை எவ்வாறு இருந்தது என்பதற்கு நுட்பமான விவரங்கள் நமக்குக் கிட்டவில்லை. அதே மாவட்டத்தில், பாலாறும் வேகவதியும் செய்யாறும் கலக்கும் திருமுக்கூடலில் கிட்டுகின்றன. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடுங்கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் 1067ஆம் ஆண்டை ஒட்டியது. சனநாத மண்டபத்தில் பாடசாலை. ரிக்வேதத்துக்கு 10 மாணவர், யசுர் வேதத்துக்கு 10 மாணவர், இலக்கணத்துக்கு 20 மாணவர், ஆகமம் பயில்வோர் தனி. அருகிலேயே 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை. அதில் மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள். மாணவர்க்கு உணவு மட்டுமன்று, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைமுழுக்குக்கு எண்ணெய், இரவில் எரிய விளக்கெண்ணெய் எனத் தனித்தனியே அளவு வகுத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். படிக்க வருபவனுக்குப் பாடம் மட்டும் போதாது. பாயும் வெளிச்சமும் வேண்டும் என்பது அன்றைய அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இச்செலவுக்கு வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டது. வருவாய் என்றால் நெல். நெல் என்றால் சேற்றில் இறங்கியவர்கள். அவர்களைப் பற்றி அக்கல்வெட்டில் நாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெற்றுவிட்டன.

காஞ்சியின் கல்வி வைதிகக் கல்வி மட்டுமன்று என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நாளந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களைப் பற்றி எழுதிவைத்தார். விழா மேடைகளில் இம்மரபுக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பிறப்பைச் சொல்லி வாயிலை அடைக்கும் சட்டம் அதற்கு இல்லை. அது பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம். எனினும் அக்காலக் கலாசாலை வளாகம் எப்படி இருந்தது என்பதை, 1859இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். கோயம்புத்தூர்க் கலாசாலையில் அவர் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் ஏறத்தாழ 10 பேர் தவிர ஏனையோர் பிராமணர். பழகினால் சாதி வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை வெளியே தனியே அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்து, பின்னரே வகுப்புக்குள் நுழைவார். கதவு திறந்திருந்தும் அவர் வெளியே காத்திருந்தார். நம் பல்கலைக்கழக வரலாறுகளில் கட்டடங்களின் ஆண்டுகள் இருக்கின்றன. அந்தக் காத்திருப்புக்கு ஒரு பத்தியும் இல்லை.

இந்த நிலையைச் சற்றேனும் மாற்றியவை உதவித்தொகையும் விடுதியும். அம்பேத்கர் வைசிராய் அவையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1947இல், காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் கல்லூரி தொடங்கப்பட்டது. அது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் சுற்று வட்டாரச் சேரிகளின் பிள்ளைகளும் தம் ஊருக்கு அருகிலேயே பட்டம் பெறலாம் என்னும் நிலை அதன் பிறகே வந்தது.

இன்று அச்சேரிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்கு வளாகம் என்பது வகுப்பறையில் தொடங்குவதில்லை. அரசு விடுதியில் இடம் கிடைக்குமா என்பதில் தொடங்குகிறது. உதவித்தொகைக்கான ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தருகின்றன. தொகை தாமதமானால் கல்லூரி அலுவலகத்தின் முன் நிற்பது அரசன்று, மாணவர்தாம். 2023இல் தமிழ்நாடு அரசு கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. நாளொன்றுக்கு 50 ரூபாய். காலை, மதியம், இரவு மூன்றுக்கும் அதுவே. 2025 சூலையில் இவ்விடுதிகள் அனைத்துக்கும் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. சாதிப் பெயர் பலகையிலிருந்து இறங்கியதை நாம் வரவேற்கிறோம். பெயர்ப்பலகைக்குப் பின்னால் உள்ள அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், இரவில் படிக்க வெளிச்சம் இருக்கிறதா என்பதையும் கேட்கிறோம்.

திருமுக்கூடல் கல்வெட்டில் ஒரு மாணவருக்கு உரிய பாயும் எண்ணெயும் எவரும் வாசிக்கும்படி சுவரில் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு விடுதியின் வாயிலிலும், அங்குள்ள மாணவர் ஒருவருக்கு அரசு ஒதுக்கும் அரிசி, காய்கறி, படுக்கை, மின்விளக்கு ஆகியவற்றின் அளவையும், உதவித்தொகை வந்து சேர்ந்த நாளையும் அதேபோல் எழுதி வைக்க வேண்டும். கல்லில் வெட்ட வேண்டியதில்லை. ஒரு கரும்பலகை போதும்.